இடுபடிவும் விளைபடிவும்: கடலடிச் சுண்ணமேடைச் சரிவுகளைத் தமிழில் பெயரிடல் – காட்டுப்பள்ளிக் கடற்கரையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: நெய்தல், எக்கர், இடுமணல், பார், சுண்ணமேடை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கடலடியில் சேரும் மணல், சேறு, சிப்பித்துகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதப்படும் அறிவியல் நூல்கள் பெரும்பாலும் ‘படிவு’ என்னும் பொதுச்சொல்லாலேயே சுட்டுகின்றன. பிறப்பால் வேறுபட்ட இருவகைப் பொருள்கள் இதனால் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவ்வேறுபாட்டை விளக்கி, அதற்குரிய சொற்களை நெய்தல் வழக்கிலிருந்து அமைக்க இக்கட்டுரை முயல்கிறது.

காட்டுப்பள்ளி: வந்து சேரும் மணல்

கிழக்கே வங்கக்கடலும் மேற்கே கொசஸ்தலையாற்றுக் கழியும் பக்கிங்காம் கால்வாயும் சூழ, எண்ணூர் முகத்துவாரத்திற்கும் பழவேற்காட்டிற்கும் இடையே அமைந்த மணல்திட்டு காட்டுப்பள்ளி. இம்மணல் இங்குப் பிறந்ததன்று. ஆறுகள் கடலில் சேர்த்ததை அலைகள் கரையோரமாகக் கடத்தி வந்தது. தென்மேற்குப் பருவக்காலத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவக்காலத்தில் தெற்கு நோக்கியும் மணல் நகரும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் கரை அரிப்புக்கு உள்ளானதும் இதனால்தான். வழி மறிக்கப்பட்டால் மணல் ஒருபுறம் குவியும், மறுபுறம் குறையும்.

சுண்ணமேடை: விளையும் மணல்

ஒளி புகும் ஆழமற்ற வெப்பக்கடலில் பவள உயிரிகளும் சுண்ணப்பாசிகளும் நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்துக் கூடுகளைக் கட்டுகின்றன. அவை தலைமுறைதோறும் குவிந்து மேடையாக எழுகின்றன. பஹாமாவும் மாலத்தீவும் இதற்குச் சான்றுகள். அலையும் துளையிடும் உயிரிகளும் கிளிமீன்களும் கூடுகளைத் துகளாக்குகின்றன. பருந்துண்டுகள் மேடை விளிம்பை அடுத்தே உருண்டு தங்க, நுண்சேறு ஓதத்தாலும் புயலாலும் விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்குகிறது. சரிவு தாங்காத அளவு குவிந்தால் அது சரிந்து, கலங்கல் நீரோட்டமாக ஆழ்கடலை அடைகிறது. சுண்ணத்துகள்கள் விரைவில் ஒன்றோடொன்று இறுகுவதால் இச்சரிவுகள் சில இடங்களில் 30 பாகையையும் விஞ்சிச் செங்குத்தாக நிற்கின்றன.

கடல்மட்ட மாற்றத்திலும் இருவகையும் எதிரெதிராக இயங்குகின்றன. மட்டம் தாழ்ந்தால் ஆறுகள் திட்டின் விளிம்புவரை நீண்டு மணலை ஆழத்திற்கு அனுப்பும். சுண்ணமேடையோ நீருக்கு வெளியே நின்று விளைவு குன்றும். மட்டம் உயர்ந்து மேடை மூழ்கும்போதே சரிவுக்கு மிகுதியான துகள் கிடைக்கும். எனினும் பருவக்காற்று இரண்டிற்கும் பொது. சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வலுப்பெற்ற பருவக்காற்று நீரோட்டங்கள் மாலத்தீவின் படிவுகளை மாற்றியமைத்தன என்பதை 2015இல் நிகழ்ந்த கடலடித் துளையாய்வு காட்டியது.

சொல்லாய்வு

நீர் ஏற்றிய மணல்மேட்டைச் சங்க இலக்கியம் ‘எக்கர்’ என்றும், நீர் கொணர்ந்து இட்ட மணலை ‘இடுமணல்’ என்றும் வழங்குகிறது. பிந்தையது வினைத்தொகை, இட்ட, இடுகின்ற, இடும் என முக்காலமும் அதனுள் அடங்கும். முடிவுறாத நிகழ்வாகிய படிதலுக்கு இவ்வமைப்பு மிகவும் பொருந்துவது. இதனை ஒட்டி, வந்து சேர்வதை ‘இடுபடிவு’ என்றும், கடலிலேயே உயிர்களால் உண்டாவதை ‘விளைபடிவு’ என்றும் கூறலாம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வாழும் கடலடித் தளத்தைக் குறிக்கும் ‘பார்’, ஈழ வழக்கிலுள்ள ‘முருகைக்கல்’ ஆகியனவும் கலைச்சொல் தொகுப்புகளில் இடம்பெறத் தக்கவை.

முடிவுரை

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கியதற்குப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. அங்கே இழந்தது விளைவை. சென்னைக்கு வடக்கே கரை இழப்பது வரத்தை. வரத்து தடைப்பட்ட கரைக்கு வேறிடத்து மணலைக் கொணர்ந்து கொட்டுதல் ஓரளவேனும் தீர்வாகும். விளைவு நின்ற பாருக்கு உயிர்கள் மீள்வதன்றி வேறு தீர்வில்லை. இரண்டையும் ‘படிவு’ என்று மட்டும் எழுதும் பாடநூல் இந்த வேறுபாட்டை மாணவர்க்கு மறைத்துவிடும். ஆதலின் இடுபடிவு, விளைபடிவு என்னும் இணைச்சொற்கள் வழக்கிற்கு வருதல் வேண்டும்.