லேப்டாப் பேட்டரி நெடுநாள் உழைக்க ஏழு படிகள்

"சார்ஜரை எந்நேரமும் மாட்டியே வைக்கலாமா, நூறு ஆனதும் கழற்றிவிட வேண்டுமா?" புது லேப்டாப் வாங்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கடையில் ஒரு பதில் கிடைக்கும், அலுவலகத்தில் இன்னொன்று, வீட்டில் வேறொன்று. "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்", "சுத்தமா இறங்கின பிறகுதான் திரும்ப ஏத்தணும்" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நிக்கல் காட்மியம் பேட்டரி புழக்கத்தில் இருந்த காலத்து அறிவுரைகள் இவை. அந்த வகைக்கு அவை பொருந்தின. இன்றைய லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பேட்டரியின் வேதியியலே மாறிவிட்ட பிறகு பழைய பழக்கத்தைத் தொடர்ந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

சுருக்கமான பதில் இதுதான்: சார்ஜர் மாட்டியிருப்பதால் மட்டும் பேட்டரி கெடுவதில்லை. நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் நிற்பதும் சூடும்தான் அதைக் கெடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் கேடு இன்னும் வேகமாக வரும். இந்த இரண்டையும் கட்டுக்குள் வைக்கத் தேவையான அமைப்புகளை ஒரே மாலையில் செய்து முடித்துவிடலாம். அதன் பிறகு சதவீதத்தைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும். பேட்டரி இயங்க அந்தப் படலம் அவசியம். ஆனால் அது வளர வளர, சுற்றிவர வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சிக்கி வீணாகிறது. சூடும் உயர் மின்னழுத்தமும் இந்த வளர்ச்சியைத் துரிதப்படுத்துகின்றன. பொதுவாக ஒரு செல் முழுதாக ஏறி நிற்கும்போது 4.2 வோல்ட் அளவில் இருக்கும். அந்த உச்சத்தில் நேர்முனைப் பொருளும் மின்பகு திரவமும் வேகமாகச் சிதைகின்றன.

பேட்டரித் துறையில் பரவலாகக் காட்டப்படும் ஒரு மதிப்பீட்டைப் பாருங்கள். 40 சதவீத சார்ஜில், 25 டிகிரி சூட்டில் ஓராண்டு வைத்த பேட்டரியில் சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் நூறு சதவீதம் ஏற்றி வைத்தால் 80 ஆகிவிடும். 40 டிகிரியில் நூறு சதவீதத்தில் வைத்தால் 65தான். பேட்டரியை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலே நேரும் இழப்பு இது. மே மாதத்துச் சென்னையிலோ வேலூரிலோ மின்விசிறிகூடச் சரியாக எட்டாத மேசையில், நூறு சதவீதத்தில், நாள் முழுக்க சார்ஜில் கிடக்கும் லேப்டாப்பின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

படி 1: பேட்டரியின் இப்போதைய நிலையைப் பாருங்கள்

விண்டோஸில் இதற்கென்று தனி மென்பொருள் தேவையில்லை. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடித் திறந்துகொள்ளுங்கள். 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டியே சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை அடியுங்கள். ஓர் இடம் விட்டு முன்சாய்கோடு போடுங்கள். பிறகு 'பேட்டரி', 'ரிப்போர்ட்' என்ற இரு சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே காட்டும். அந்தக் கோப்பை பிரவுசரில் திறக்கலாம்.

அதில் 'இன்ஸ்டால்டு பேட்டரிஸ்' என்ற பகுதியில் 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என இரண்டு வரிகள் இருக்கும். முன்னது தொழிற்சாலையில் நிர்ணயித்த கொள்ளளவு. பின்னது இப்போது உண்மையில் ஏறக்கூடிய அளவு. முதல் வரியில் 50,000 என்றும் இரண்டாவதில் 41,000 என்றும் இருந்தால் உங்கள் பேட்டரி 82 சதவீத நலத்தோடு இருக்கிறது. கொஞ்சம் கீழே போனால் 'பேட்டரி கெபாசிட்டி ஹிஸ்டரி' என்ற பட்டியலில் கடந்த மாதங்களில் இந்த எண் எப்படி இறங்கி வந்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

மேக்புக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே ஆப்பிள் மெனுவைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பவர்' என்ற பகுதியைப் பார்க்கலாம். சைக்கிள் எண்ணிக்கையும் (முழு சார்ஜ் அளவை எத்தனை தடவை செலவழித்தோம் என்பது) நலமும் அங்கே இருக்கும்.

கிடைத்த எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு ஓராண்டு வாரன்டி மட்டுமே தருகின்றன. லேப்டாப்புக்கு மூன்றாண்டு இருந்தாலும் பேட்டரி அதில் சேராது. அதனால் வாங்கிய பதினோராவது மாதத்தில் இந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். இயல்புக்கு மீறி இறங்கியிருந்தால் வாரன்டி முடிவதற்குள் புகார் கொடுக்கலாம்.

படி 2: சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்

ஏழு படிகளில் அதிகப் பலன் தருவது இது. பெரும்பாலும் மேசையில் வைத்து, சார்ஜரோடு பயன்படுத்துபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியதும் இதுதான். வரம்பு வைத்துவிட்டால் 80 வந்ததும் ஏற்றம் நின்றுவிடும். அதன்பின் லேப்டாப் நேரடியாக அடாப்டரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி உச்ச அழுத்தத்தைத் தொடாமல் ஓய்வில் இருக்கும்.

லெனோவோவில் 'வாண்டேஜ்' செயலியைத் திறந்தால் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கும். திங்க்பேட் வகைகளில் எந்த அளவில் ஏற்றம் தொடங்கி எதில் நிற்க வேண்டும் என்று எண்ணையே கொடுக்கலாம். ஆசஸில் 'மைஆசஸ்' செயலிக்குள் 'பேட்டரி கேர் மோட்' என்று தேடுங்கள். ஏசரில் 'கேர் சென்டர்' அல்லது 'ஏசர்சென்ஸ்' செயலியில் 80 சதவீத வரம்பு உண்டு. டெல் லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப் 2 அழுத்தி பயாஸுக்குள் போனால் பேட்டரி அமைப்பில் 'பிரைமரிலி ஏசி யூஸ்', 'கஸ்டம்' போன்ற தேர்வுகள் கிடைக்கும். எச்பி என்றால் எஃப் 10. பல மாடல்களில் அங்கே 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' இருக்கும். அதில் பேட்டரி நலத்தை முன்னிறுத்தும் தேர்வைப் போடுங்கள். மேக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாடலுக்கு மாடல் பெயர் மாறும் என்பதால், பெயர் தெரியாவிட்டால் உங்கள் மாடல் பெயரோடு 'சார்ஜ் லிமிட்' என்று தேடினாலே வழி கிடைத்துவிடும்.

அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு 80 போதுமா என்ற தயக்கம் இருக்கும். நான்கு மணி நேரம் பேக்கப் தரும் பேட்டரி என்றால் 80 சதவீதத்தில் மூன்று மணி நேரத்துக்குமேல் தாக்குப்பிடிக்கும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாள், ரயில் பயணம், தேர்வு நாள் என்றால் வரம்பை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றி உடனே பயன்படுத்துவதால் பெரிய பாதிப்பில்லை. நூறிலேயே நிறுத்திவைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

படி 3: சூட்டைக் குறையுங்கள்

மெத்தை, தலையணை, போர்வை மேல் லேப்டாப்பை வைத்தால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபடும். தட்டையான மேசையில் வையுங்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் இன்னும் நல்லது. மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் கோடை மதியங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், வீடியோ எடிட்டிங், கேம் போன்ற கனமான வேலைகளைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்வது பேட்டரிக்கு நல்லது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடி மூடிய காரின் உட்புறம் வெளியைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். மூடியை மட்டும் மூடிப் பைக்குள் போடும் பழக்கமும் ஆபத்துதான். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் அப்டேட்டுக்காகத் தானே விழித்துக்கொண்டால் பைக்குள்ளேயே சூடேறும். பையில் வைக்கும் முன் ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட் செய்யுங்கள். மின்விசிறியில் படிந்த தூசியை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

கனடா, நார்வே போன்ற குளிர்நாடுகளில் வாழ்பவர்கள் நேர் எதிரான ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். வெளியிலிருந்து கொண்டுவந்ததை அறைச்சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள்.

படி 4: அடிமட்டம் வரை இறங்க விடாதீர்கள்

20 சதவீதம் வந்ததும் சார்ஜ் போட்டுவிடுங்கள். இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதால் லித்தியம் அயானுக்குக் கெடுதல் இல்லை. "நாலு தடவை சார்ஜ் போட்டா நாலு சைக்கிள் போயிடும்" என்பது தவறான கணக்கு. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். இன்றைய மேக்புக்குகளின் பேட்டரி 1,000 சைக்கிள் வரை 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். பல லேப்டாப்களுக்கு இதைவிடக் குறைவான எண்ணே சொல்லப்படுகிறது. அதனால் பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கும்போது வலிந்து பேட்டரியில் ஓட்டத் தேவையில்லை.

30 சதவீதம் காட்டிய லேப்டாப் திடீரென்று அணைந்தால், சதவீதக் கணக்கு பிசகியிருக்கலாம். அப்போது ஒருமுறை நூறு வரை ஏற்றி, 10 சதவீதம் வரை இறக்கி, மறுபடி இடைவிடாமல் முழுதாக ஏற்றுங்கள். இதனால் கணக்குதான் நேராகும், இழந்த கொள்ளளவு திரும்பாது. அதனால் இதை வாரந்தோறும் செய்யாதீர்கள்.

படி 5: சரியான வாட்டேஜ் உள்ள சார்ஜரையே மாட்டுங்கள்

அடாப்டரின் அடியில் 45, 65, 100 என்று வாட் அளவு அச்சிட்டிருக்கும். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் ஃபோன் சார்ஜரை மாட்டினால் கனமான வேலையின்போது பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். சார்ஜர் மாட்டியிருந்தும் சதவீதம் இறங்கும். வீணாகச் சைக்கிள் கரையும். டைப் சி சார்ஜர் வாங்கினால் 'பவர் டெலிவரி' வசதியும் போதிய வாட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாட் கூடுதலாக இருந்தால் பயமில்லை. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மலிவு டூப்ளிகேட் அடாப்டர்களை மட்டும் தொடாதீர்கள்.

படி 6: எடுத்துவைக்கும்போது பாதி சார்ஜில் வையுங்கள்

வெளியூர்ப் பயணம், கல்லூரி விடுமுறை என்று சில வாரங்கள் லேப்டாப்பைத் தொடப்போவதில்லை என்றால், 50 சதவீதம் அளவில் முழுதாக ஷட் டவுன் செய்து, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள்.

பூஜ்யத்தில் எடுத்துவைப்பது நூறில் வைப்பதைவிட மோசம். சும்மா இருக்கும்போதும் சார்ஜ் மெல்லக் கசியும். செல்லின் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைப் பூட்டிவிடும். மாதங்கள் கழித்துத் திறக்கும்போது சார்ஜே ஏறாமல் போக இதுவே பெரும்பாலும் காரணம்.

படி 7: உப்பலைக் கவனியுங்கள், தயங்காமல் மாற்றுங்கள்

பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் அது உப்பும். டச்பேட் கிளிக் ஆகாமல் விறைப்பாவது, கீபோர்டின் நடுப்பகுதி மேடாவது, மூடினால் ஓரத்தில் இடைவெளி தெரிவது ஆகியவை அறிகுறிகள். லேப்டாப்பை மூடிச் சமதளமான மேசையில் வைத்து, மூலைகளை லேசாகத் தொட்டுப் பாருங்கள். முன்பு ஆடாதது இப்போது ஆடினால் அடிப்பக்கம் புடைத்திருக்க வாய்ப்புண்டு.

சந்தேகம் வந்தால் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். புடைத்ததை அழுத்திச் சமப்படுத்தவோ, குத்தி வாயுவை வெளியேற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தூய்மைப் பணியாளர்களின் உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. பழையதை எங்கே ஒப்படைப்பது என்று சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள்.

உப்பாத பேட்டரியாக இருந்தாலும், பேக்கப் உங்கள் வேலைக்குப் போதவில்லை என்றால் மாற்றிவிடலாம். சர்வீஸ் சென்டரானாலும் சென்னை ரிச்சி தெரு கடையானாலும், பழைய பேட்டரியின் பார்ட் நம்பர், வோல்ட், வாட்-அவர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தயாரித்த தேதியையும் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த 'புது' பேட்டரியும் தேய்ந்ததுதான். பில்லும் வாரன்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். மாட்டிய அன்றே முதல் படியில் சொன்ன அறிக்கையை எடுத்தால் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும்.

இன்று இரவு நேரம் குறைவு என்றால் முதல் இரண்டு படிகளை மட்டும் முடியுங்கள்: நிலையைப் பாருங்கள், வரம்பை 80இல் வையுங்கள். மற்றவை பழக்கத்தில் தானாக வரும். லேப்டாப்பின் திரையும் பிராசஸரும் ஐந்தாறு ஆண்டுகள் தாராளமாக உழைக்கக்கூடியவை. கடன் வாங்கியோ தவணை கட்டியோ பிள்ளைகளுக்கு வாங்கித் தந்த அந்த இயந்திரம், பேட்டரி ஒன்றின் காரணமாக இரண்டே ஆண்டில் சுவரோரப் பிளக்கை விட்டு நகர முடியாமல் முடங்க வேண்டியதில்லை.