ரகசியம் யாரைக் காக்கிறது?

புலனத்தில் ஒரு படம் வருகிறது. மேலே அரசாங்க முத்திரை, ஓரத்தில் "சுலிட்" என்ற சிவப்பு எழுத்து. "உடனே எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்மில் பலர் படித்து முடிப்பதற்குள் அடுத்த குழுவுக்குத் தட்டிவிடுவோம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பார்ப்போம், இளைஞர்களே.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடப்பில் உள்ளது. ஓர் ஆவணம் ரகசியம் என்று அதிகாரம் பெற்றவர் சான்றிதழ் கொடுத்துவிட்டால், நீதிமன்றம்கூட அதைக் கேள்வி கேட்க முடியாது. வெளியிட்டால் குறைந்தது ஓராண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. தெரிந்தே வாங்கி வைத்துக்கொள்பவரும் மாட்டிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் நாட்டுக்கு ரகசியமே கூடாதா? வேண்டும்தான். இராணுவத் திட்டத்தையும் போலீஸ் விசாரணையையும் கடைத்தெருவில் பேச முடியாது. ஆனால் எல்லா ரகசியமும் நாட்டைக் காப்பதில்லை.

1எம்டிபி தந்த பாடம்

2015இல் கசிந்த ஆவணங்களைக் கொண்டு சரவாக் ரிப்போர்ட், தி எட்ஜ் போன்ற ஊடகங்கள் 1எம்டிபி பணம் எங்கே போனது என்று எழுதின. அதே ஆண்டு ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் இணையத்தளம் முடக்கப்பட்டது. தி எட்ஜ் குழுமத்தின் இரண்டு இதழ்களுக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

2016இல் 1எம்டிபி கணக்காய்வு அறிக்கையே அரசாங்க ரகசியமானது. அதில் ஒரு பக்கத்தை வெளியிட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ரஃபிசி ரம்லிக்கு 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மேல்முறையீட்டில் அது நன்னடத்தைப் பிணையாக மாறியது. 2018 மே மாதம் ஆட்சி மாறியது. அறிக்கையின் ரகசிய முத்திரையும் நீங்கியது. நாடு கவிழ்ந்துவிடவில்லை. அந்த முத்திரை யாரைக் காத்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கைப்பேசியும் சாட்சி சொல்லும்

தகவல் கொடுத்தவரை எப்படிப் பிடிக்கிறார்கள்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் 20க்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் பதிவுகளை அரசு ரகசியமாக எடுத்தது 2013இல் அம்பலமானது. பேச்சை ஒட்டுக்கேட்கவே தேவைப்படவில்லை. யார் யாரை, எப்போது அழைத்தார்கள் என்ற விவரம் போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு முன்னாள் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம் சிம் கார்டு அடையாள அட்டை எண்ணோடு பதிவாகியுள்ளது. படம் எடுத்த நேரமும் சில சமயம் இடமும் அந்தப் படத்திற்குள்ளேயே இருக்கும். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அரசின் தாளுக்குப் பூட்டு உண்டு; நம் விவரங்களுக்கு அரசின் முன் அந்தப் பூட்டு இல்லை.

அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

1. இது உண்மையா? முத்திரையைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள்.

2. இது பொதுப்பணத்தைப் பற்றியதா, ஒருவரின் நோயையோ குடும்பத்தையோ பற்றியதா? இரண்டாவது என்றால் அழித்துவிடுங்கள். அடுத்தவர் மானத்தைக் கடை விரிப்பது துணிச்சல் ஆகாது.

3. எங்கே கொண்டுபோக வேண்டும்? வேலையிடத்தில் ஊழலைக் கண்டால், அதைச் சட்ட அமலாக்க அமைப்பிடம் புகார் செய்பவருக்கு 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பத்திரிகைக்குக் கொடுப்பவருக்கு அந்தத் துணை இல்லை. இதுதான் நம் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை.

கலந்துரையாடுவோம்

• சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் உண்டு. உங்கள் வட்டாரத்தைப் பற்றி எந்தத் தகவலைக் கேட்பீர்கள்?

• புகாரை விசாரிக்க வேண்டியவரே குற்றம் செய்திருந்தால், உண்மை தெரிந்தவர் யாரிடம் போவார்?