வெண்ணெய்க்கு ஏற்ற பாத்திரம்

அன்புள்ள தங்கைக்கு,

பாலாடையைச் சேர்த்து வீட்டிலேயே வெண்ணெய் கடையத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எடுத்த வெண்ணெயை எதில் வைப்பது என்று கேட்டிருந்தாய். வெண்ணெய் எதனால் கெடுகிறது என்று முதலில் தெரிந்துகொள். பிறகு பாத்திரக் கடையில் உனக்கு யார் யோசனையும் தேவைப்படாது.

வெண்ணெய் முழுக்கவும் கொழுப்பு அல்ல. கடையில் பொட்டலமாக விற்கும் உப்பு வெண்ணெயில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம். நீர் 16 சதவீதம் வரை இருக்கலாம். அந்த நீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறியிருக்கிறது. வீட்டு வெண்ணெயில் அந்த நீரோடு மோரும் தங்கிவிடும். மோரிலுள்ள சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. அதனால் திரண்ட வெண்ணெயைக் குளிர்ந்த நீரில் பிசைந்து, நீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவு. மோர் தங்கிய வெண்ணெயை எந்தப் பாத்திரமும் காப்பாற்றாது.

அடுத்த எதிரி காற்று. அதிலுள்ள ஆக்சிஜன் கொழுப்போடு சேரும்போதுதான் சிக்கு வாடை பிறக்கிறது. வெளிச்சமும் சூடும் அதை விரைவுபடுத்தும். செம்பும் இரும்பும் அப்படியே. ஆகவே தாமிரம், பித்தளை, இரும்புப் பாத்திரங்கள் வேண்டாம். உப்பு சேர்த்த வெண்ணெயை அலுமினியத்திலும் வைக்காதே. உப்பு அந்த உலோகத்தை அரிக்கும்.

கொழுப்பு மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பிரான்சின் கிராஸ் நகரத்தில் வாசனைத் திரவியம் செய்தவர்கள், கொழுப்பு பூசிய கண்ணாடித் தட்டுகளில் மல்லிகையைப் பரப்பித்தான் அதன் மணத்தைப் பிடித்தார்கள். நம் ஃபிரிட்ஜில் நறுக்கிய வெங்காயமும் நேற்றைய மீன் குழம்பும் தலையில் வைக்க வாங்கிய பூவும் ஒன்றாக இருக்கும். மூடி இறுக்கமாக இல்லையென்றால் எல்லா வாடையும் வெண்ணெய்க்குள் போய்விடும்.

இனி தேர்ந்தெடு. இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா நல்லது. வெளிச்சம் புகாது, உடையாது, வாடை தங்காது. மெருகு பூசிய பீங்கான் ஜாடியும் அதே அளவு நல்லது. மெருகில் விரிசல் இல்லையா என்று மட்டும் பார். கண்ணாடி ஜாடிக்குள் வெளிச்சம் புகும்; அதனால் அதை ஃபிரிட்ஜுக்குள் வை, சமையல் மேடையில் வைக்காதே. ஊறுகாய் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை போகாது, அது வேண்டாம். மெருகில்லாத மண்சட்டி கொழுப்பைக் குடித்துக்கொள்ளும். அந்தப் பழைய கொழுப்பு சிக்குப் பிடித்து, புதிய வெண்ணெயையும் கெடுக்கும்.

வெண்ணெயை அடைத்த கிண்ணத்தை நீரில் கவிழ்த்து வைக்கும் ஜாடியை இப்போது இங்கும் விற்கிறார்கள். நீர் காற்றைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது குளிர்ந்த நாட்டுச் சமையலறைக்கு ஏற்றது. 30 டிகிரியைத் தாண்டும் நம் வெயிலில் வெண்ணெய் இளகி நீருக்குள் நழுவிவிடும்.

எந்தப் பொருளில் செய்தது என்பதைவிட எவ்வளவு பெரியது என்பதை அதிகம் கவனி. பெரிய டப்பாவில் கால்வாசி வெண்ணெய் இருந்தால் மீதி இடமெல்லாம் காற்றுதான். ஒன்றிரண்டு நாள் தேவைக்கு ஒரு சின்ன டப்பா போதும். மீதியைச் சிறு டப்பாக்களில், கரண்டியால் அழுத்தி இடைவெளியில்லாமல் நிரப்பி, ஃப்ரீசரில் வை. தினமும் எடுக்கும் டப்பாவை ஃபிரிட்ஜின் கதவில் வைக்காதே; திறக்கும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும். உள் தட்டில் வை. ஈரக் கரண்டி ஒருபோதும் உள்ளே போகக் கூடாது.

பழைய வெண்ணெய் மிச்சமிருக்கும் டப்பாவில் புதியதைச் சேர்க்காதே. மிச்சத்தை உருக்கி நெய்யாக்கிவிடு. நீர் வற்றிவிடுவதால் அது நெடுநாள் தாங்கும். டப்பாவை வெந்நீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே அடுத்த வெண்ணெயை நிரப்பு. இந்த ஒரு பழக்கம் இருந்தால், விலை குறைந்த டப்பாவே உனக்குப் போதும்.

அன்புடன்,
அக்கா