கணினிக்கும் கணக்கு உண்டு: அலுவலக விண்டோஸ் உரிமம் பற்றி ஒரு பாடம்



கணினித் திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற எழுத்து மங்கலாகத் தெரிவதைப் பலர் பார்த்திருப்போம். சர்வீஸ் பார்க்க வருபவர் பென்டிரைவைச் செருகி ஏதோ ஒரு புரோகிராமை ஓட்டுவார். எழுத்து மறைந்துவிடும். நாமும் காசு கொடுத்து அனுப்பிவிடுவோம். அப்போது உண்மையில் என்ன நடக்கிறது? சாலவாக்கத்தில் கடை, பள்ளி, அலுவலகம் நடத்துபவர்களும், ஒரகடம், மறைமலை நகர் பக்கம் கணினி வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் மடிக்கணினியில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் சேர்ந்தே வரும். நூற்றுக்கணக்கில் கணினி வைத்திருக்கும் நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தம் போட்டு மொத்த உரிமம் வாங்குகின்றன. அந்தக் கணினிகளை ஆக்டிவேட் செய்ய முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி எம்ஏகே. ஒரே சாவி எண்ணை இத்தனை தடவை பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கை வைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாஃப்டிடம் ஒருமுறை பதிந்தால் போதும். ஆனால் கணினியை அழித்துத் திரும்ப நிறுவினால் எண்ணிக்கையில் இன்னொன்று குறையும்.

இரண்டாவது வழி கேஎம்எஸ். அலுவலகத்தில் ஒரு கணினி மட்டும் மைக்ரோசாஃப்டிடம் பதிந்துகொள்ளும். மற்றவை அலுவலக நெட்வொர்க் வழியாக அதனிடம் அனுமதி கேட்கும். இந்த அனுமதி 180 நாள் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை கணினி தானாகவே புதுப்பிக்க முயலும். புதுப்பித்ததும் மறுபடி 180 நாள் கிடைக்கும். மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆறு மாதம் அலுவலக நெட்வொர்க்கில் சேராமல் இருந்தால் அந்த எழுத்து திரையில் வந்துவிடும். பயப்பட வேண்டாம், கோப்புகள் அழியாது. நேரிலோ விபிஎன் வழியாகவோ அலுவலக நெட்வொர்க்கில் சேர்ந்தாலே சரியாகும்.

கேஎம்எஸ் முறையில் ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது 25 விண்டோஸ் கணினிகள் கேட்டால்தான் அது அனுமதி தரத் தொடங்கும். சர்வர்களுக்கு இந்த எண்ணிக்கை 5. ஐந்தாறு கணினி மட்டுமே உள்ள இடத்துக்கு இந்த முறை பொருந்தாது.

போலியைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கே உதவும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஸ்எல்எம்ஜிஆர் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்வி என்று தட்டுங்கள். வரும் விவரத்தில் ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று இருக்கிறதா? உங்களுக்கு மொத்த உரிம ஒப்பந்தமும் இல்லை, 25 கணினியும் இல்லை என்றால், பெரும்பாலும் யாரோ போலி ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பெரிய நிறுவனத்தின் கணினியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

“சாவி எண் போட்டுத்தானே ஆக்டிவேட் செய்தார்?” என்று சிலர் கேட்கலாம். கேஎம்எஸ் கணினிகளில் போடும் பொதுச் சாவி எண்களை மைக்ரோசாஃப்டே எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. எண் கையில் இருப்பதால் உரிமம் இருப்பதாக ஆகிவிடாது. ஒப்பந்தமும் பில்லும்தான் உரிமத்துக்குச் சான்று.

போலிப் புரோகிராமை ஓட்டுபவர் பெரும்பாலும் முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார். நம் அலுவலகக் கணினியில் கல்வி உதவி கேட்டு வந்த பிள்ளைகளின் சான்றிதழ்கள், விதவைச் சகோதரிகளின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புத்தக நகல் எல்லாம் இருக்கின்றன. அவை நம்மை நம்பி மக்கள் ஒப்படைத்த அமானிதம். யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராமுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடலாமா? சட்டமும் இதில் கடுமையானது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

செய்ய வேண்டியவை:

1. விண்டோஸுடன் வாங்கிய புதிய கணினியானால் சாவி பெரும்பாலும் அதன் போர்டிலேயே பதிந்திருக்கும். ஹோம் வந்திருந்தால் ஹோம், புரோ வந்திருந்தால் புரோ என அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். பதிப்பை மாற்றிப் போட்டால்தான் சிக்கல்.

2. யாராவது எம்ஏகே சாவியைச் சில நூறு ரூபாய்க்குத் தனியாக விற்றால் வாங்காதீர்கள். அது ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்கு உரியது.

3. ஒவ்வொரு கணினிக்கும் வாங்கிய தேதி, பில், விண்டோஸ் பதிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

4. பணம் இல்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம், தமிழிலும் வேலை செய்யும். 2011இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் அதையும் சேர்த்தே கொடுத்தது. கடிதம், கணக்கு, இணைய விண்ணப்பம் ஆகிய வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

இந்த வாரமே உங்கள் கணினியைச் சோதித்துப் பாருங்கள். போலி இருந்தால் முதலில் கோப்புகளை நகல் எடுத்து, பிறகு கணினியை அழித்து முறையான விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவுங்கள். நம் கணினிகளையும் அப்படியே செய்து நோட்டில் ஏற்றுவோம், இன்ஷா அல்லாஹ்.