மனத்துக்குப் பெயரிடும் அதிகாரம்

நிர்வாணம் என்பது ஆசையும் வெகுளியும் மயக்கமும் அவிந்த நிலை என்பதை நம் அன்பர்கள் அறிவர். இச்சொல்லை மனோதத்துவத்தில் புகுத்தியவர் பார்பரா லோ என்னும் ஆங்கில மாது. வியன்னா வைத்தியர் சிக்மண்ட் பிராய்டு 1920இல் அதனை எடுத்தாண்டு, உயிர்களிடத்து மரண வேட்கை உண்டென்பதற்குச் சான்றாக்கினார். ஞானியர் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது, பாருங்கள்!

இஃது ஏட்டோடு நின்றதா? இல்லை. பிராய்டிடம் உளப்பகுப்புக்கு உட்பட்ட டேலி என்பார் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரி. இந்தியப் புரட்சியாளரின் சீற்றத்துக்கு மனச்சிக்கலில் காரணம் தேடி 1930இல் அவர் கட்டுரை வரைந்தார். குறை கூறுவோனை நோயாளி என்றுவிட்டால், அவன் குறையைக் கேட்க வேண்டியதில்லையன்றோ?

அதே சாஸ்திரத்தைக் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் வேறுவிதமாகக் கையாண்டார். 1922இல் சங்கம் கண்டார், பிராய்டுக்கே மறுப்பெழுதினார். அச்சங்கம் 1940இல் நிறுவிய மருத்துவமனையின் பெயர் லும்பினி பூங்கா!

நம் பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிலையம் அமைந்தது. அதுவே 1974இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று. சிகிச்சை வளர்ந்தும், மாஜிஸ்திரேட்டின் உத்தரவால் ஒருவரை அடைத்து வைக்கும் 1912ஆம் ஆண்டுப் பைத்தியச் சட்டம் 1993 வரை நீங்கவில்லை.

குலத்தார் வழிபாட்டை விட்டுத் திரிசரணம் புகுந்தமைக்காக, ‘புத்தி பேதலித்தவன்’ என்று உறவினரால் பழிக்கப்பட்டோர் நம்மில் உளர். தம் சமூகத்தில் வழங்கும் சமய நம்பிக்கைக்கு இணங்காமையைக் கொண்டு எவரையும் மனநோயாளி என முடிவு செய்யலாகாது என 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விதிக்கிறது.