கடலாமைக் குழுவில் சேர விருப்பமா?

வனவிலங்குப் பாதுகாப்பு என்றதும் முதுமலைக் காடும் யானையும்தான் உங்கள் நினைவுக்கு வரும். சென்னை மாணவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர், இரவில் மணலில் நடக்கத் தெம்பிருந்தால் போதும். 1988-இல் மாணவர்களே தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அங்கே நடந்து வருகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போய்விடும். நாய்கள் தோண்டுவதற்கு முன் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். ஆனால், தனியாகப் போய் முட்டையைத் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறை அனுமதி பெற்ற குழுவுடன்தான் செல்ல வேண்டும்.

குழுவில் சேர்ந்ததும் சில கட்டளைகள் வரும். டார்ச் அடிக்காதே! முட்டையை உருட்டாதே! பழைய குழியின் ஆழத்துக்கே புதுக் குழியைத் தோண்டு! கேட்கும்போது கெடுபிடியாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முட்டையிட்ட சில மணி நேரத்தில் உள்ளே கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு உருட்டினால் கரு இறந்துவிடும்.

குஞ்சுகள் வெளிவந்ததும், தாழ்வாக வெளிச்சம் தெரியும் திசையை நோக்கி ஓடும். இருட்டுக் கரையில் அந்தத் திசை கடல்தான். முழு நிலவு தரையில் தரும் ஒளிச்செறிவு சுமார் கால் லக்ஸ். தெருவிளக்கின் கீழ் 10 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், நிலவைப்போல 40 மடங்கு! குஞ்சு சாலைப் பக்கம் ஓடுவதில் வியப்பென்ன? நீல ஒளி அதை அதிகம் ஈர்க்கும். சிவப்பு குறைவாகவே ஈர்க்கும். அதனால்தான் வேறு வழியில்லாதபோது சிவப்பு விளக்கு.

ஆழம்தான் எனக்குப் பிடித்த பாடம். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இரு பாலும் கலந்து பிறக்கும். அதைவிடச் சூடேறினால் பெண் குஞ்சுகள், குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். மணலின் மேற்பரப்பு நண்பகலில் காலைச் சுடும், விடியலில் குளிரும். ஒன்றரை அடி ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். குழி ஆழம் குறைந்தால் கணக்கே மாறும். பொரிப்பகம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெப்பத்தைக் கவனிக்காத பொரிப்பகம், பெண் குஞ்சுகளை மட்டுமே கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். நாள் தவறாமல் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறிக்கும் ஒரு பள்ளி மாணவர் குழுவுக்கு எவ்வளவு தேவையானவர் என்று இப்போது புரிகிறதல்லவா?

குறிப்பேட்டில் இறந்த ஆமைகளும் இடம்பெறும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கானவை செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் கடலிலேயே மூச்சுத்திணறி இறக்கும். எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை என்ற குறிப்பு இல்லாமல் எந்த அதிகாரியிடமும் பேச முடியாது.

வெளியூர் மாணவர்களே, சேரும் முன் ஒரு சோதனை. தோட்டத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழாயைப் புதைத்து, நூலில் கட்டிய தெர்மாமீட்டரை உள்ளே இறக்குங்கள். குமிழைப் பஞ்சால் சுற்றிவிட்டால் மேலே எடுத்ததும் அளவு சட்டென மாறாது. குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். மூன்று மணிக்கொரு முறை, இரண்டு நாள் குறியுங்கள். அரை அடி ஆழத்தில் இன்னொரு குழாய் வைத்து, இரண்டு வரைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.