புல்மோட்டைக் கறுமணலும் ஒரு பொய்ச் சிகரமும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே சென்று புல்மோட்டைக் கடற்கரையில் இறங்குகிறவன், டச்சுக்குடாவின் வெளிர்மணலையே பார்த்துப் பழகிய கண்களை ஒருமுறை கசக்கிக்கொள்ளவே நேரும். ஏனெனில் அங்கே, கரித்தூளைக் கொட்டிப் பரப்பினாற்போல, இல்மனைற்றைப் பெரும்பங்காகவும், சேர்க்கோன், உறூட்டைல் ஆகியவற்றைச் சிறுபங்காகவும், தோரியம் பொதிந்த மொனசைற்றை மிகச் சொற்பமாகவும் கொண்ட கனிய மணல் கரை நெடுகக் கிடக்கிறது. இம்மண்ணின் இயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டைக் காமாக் கதிர் நிறமாலையால் அளக்கும் வேலையில் எனக்குக் கைப்பட்ட பிறகே மனத்தில் தங்கிய சில விஷயங்களை, இனி இவ்வேலைக்கு வருகிறவர்களின் பொருட்டு எழுதுகிறேன்.

முதல் தடவை நான் போனது புரட்டாதி மாதத்தில். சிறு மண்வெட்டியும் பைகளுமாக நான் குனிந்து நிற்பதை, வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “தம்பி, வாடைக் கடல் அடிச்சு ஓய்ஞ்ச பிறகு வாங்க, இப்ப நீங்க அள்ளுறது போன வருஷத்து மண்” என்றார்.

“மண்ணுக்கும் வருஷம் உண்டா நானா?” என்று கேட்டேன்.

“வீட்டுல சுளகில கொழிக்கிற மாதிரித்தான். அலை வெள்ளையக் கொண்டுபோகும், கறுப்ப விட்டுட்டுப் போகும்.”

படிகக்கல் மணலின் அடர்த்தி நீரைப் போல் 2.65 மடங்கு, இல்மனைற்றும் மொனசைற்றும் ஏறக்குறைய 5 மடங்கு. ஆகவே அவர் சொன்ன சுளகு வெறும் உவமையன்று, அப்படியே பௌதிகம். பையின் மேல் தேதியோடு பருவத்தையும், அலைவிளிம்பிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதாத மாதிரி, பின்னர் எவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்டாலும், எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கேள்விக்கு விடை தராது.

ஆய்வுகூடத்தில் மணலை 105 பாகை செல்சியஸில் எடை மாறாத வரைக்கும் உலர்த்தி, சலித்து, மரினெல்லி முகவையில் நிரப்பி, மூடி, ஒரு மாதம் வைத்துவிட வேண்டும். இந்த ஒரு மாதம் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுவோர் உண்டு. ரேடியத்தை நாம் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. அதன் 186 கிலோ இலத்திரன் வோல்ற்றுக் கோட்டோடு யுரேனியம் 235-இன் கோடு ஒட்டிக்கொள்வதால், அதன் வழித்தோன்றல்களான ஈயம் 214-ஐ 352-லும், பிஸ்மத்து 214-ஐ 609-லும் பார்த்தே ரேடியத்தின் அளவை ஊகிக்கிறோம். இவ்விரண்டுக்கும் ரேடியத்துக்கும் இடையில் நிற்பதோ ரேடன் என்னும் வாயு. அதன் அரைவாழ்வு 3.8 நாள், ஏழு அரைவாழ்வுகள் கடந்தால், அதாவது 27 நாள் சென்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குச் சமநிலை கைகூடும். மூடியில் நூலிழை போன்ற இடைவெளி இருந்தாலும் வாயு போய்விடும். நான் ஒருமுறை மூடியைத் திருகியது போதுமென்று விட்டுவிட்டு, முப்பது நாள் கழித்து அளந்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். பின்பு சந்தேகம் எழுந்து, விளிம்பில் நாடா சுற்றி மெழுகிட்டு மறுபடி முப்பது நாள் வைத்தபோது, அதே முகவையில் 609-இன் சிகரம் உயர்ந்து நின்றது. அறுபது நாளில் நான் பெற்றது ஒரேயோர் எண்.

தோரியத்தின் பக்கம் வேறொரு கண்ணி இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருளாய்வுக்குத் தலைவராக இருந்த காலத்தில் இத்தீவில் வெளிப்பட்ட தோரியனைற்று என்னும் தோரியக் கனிப்பொருள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும், 1905-ல் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் அதிலிருந்து கண்டறிந்த ‘ரேடியோதோரியம்’ இன்று நாம் தோரியம் 228 என்று அழைப்பதே என்பதும் நினைக்கத்தக்கவை. அந்த 228-க்கு மேலே அக்டினியம் 228, 911-லும், கீழே தாலியம் 208, 583-லும் நின்று ஒரே குடும்பத்துக்குச் சாட்சி சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இச்சங்கிலியில் நூற்றுக்கு 36 பங்கே தாலியத்தின் வழியாகச் செல்கிறது. அட்டவணையில் 583-இன் செறிவு 85 சதவீதம் என்றிருந்தால் அது தாலியத்தின் சிதைவுக்கு மாத்திரம் உரியது. சங்கிலி முழுவதற்கும் ஏறத்தாழ 30. இதை மறந்தவனுக்குத் தோரியம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

என்னை உண்மையில் தலைகுனிய வைத்தது பொற்றாசியம். புல்மோட்டைக் கறுமணலில் பொற்றாசியம் 40-இன் 1461-ஆம் சிகரம் தெளிவாக எழுந்தது. அதை மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தேன். என் ஆசிரியர் தாளை வாங்கி, “இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும், சேர்க்கோனில் பொற்றாசியம் இல்லை, களிக்கல் முழுவதையும் அலை கொண்டுபோய்விட்டது. பிறகு இது எங்கேயிருந்து வந்தது?” என்று மட்டும் கேட்டார். அக்டினியம் 228-க்கு 1459-ல் ஒரு மெல்லிய கோடு உண்டு. ஜேர்மானியம் உணரியாலும் 1459-ஐயும் 1461-ஐயும் பிரிக்க இயலாது. சாதாரணத் தோட்டத்து மண்ணில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கிலோவுக்கு ஆயிரம் பெக்கரல் தோரியம் உள்ள மணலிலோ, துளியும் இல்லாத பொற்றாசியத்தை அது ஏறக்குறைய 80 பெக்கரலாகக் காட்டிவிடும். 911-இன் பரப்பைக் கொண்டு அந்தப் பங்கைக் கணித்துக் கழித்தபோது, என் சிகரத்தில் மிஞ்சியது பிழையெல்லைக்குள் அடங்கிவிட்டது. அன்று முதல், நிறமாலையைத் திறக்கும் முன்பு மணலில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் என்னென்ன மணிகள் உள்ளன என்று பார்த்துவிட்டே உட்காருகிறேன்.

உணரியின் திறனைக் கணிக்க நாம் பயன்படுத்தும், சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் யுரேனிய, தோரிய நியமங்கள் சிலிக்காத் தூளில் ஐதாக்கப்பட்டவை. கறுமணலோ அதே முகவையில் ஏறத்தாழ இருமடங்கு கனக்கும், தன்னுள் எழும் 238 கிலோ இலத்திரன் வோல்ற்றுக் கதிரைத் தானே அதிகமாக விழுங்கும். அடர்த்தித் திருத்தம் செய்யாத திறன்வளைகோடு இங்கே செல்லாது.

மறுபடி போனது தை மாதக் கடைசியில். முதியவர் சொன்னபடியே கரை புதிதாக இருந்தது. முழங்கை ஆழம் தோண்டியபோது, மேலே இரண்டு விரற்கடைக் கறுப்பு, அதன் கீழ் வெளிர்மணல், மறுபடி மெல்லிய கறுப்பு என்று குழியின் சுவர் வரிவரியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் கத்தி முனையால் தனித்தனியே வழித்து, தனித்தனிப் பையில் இட்டேன்.